ஹெஸ்டர் மிஸ் போடும் மதிப்பெண்

“இன்னும் சரியா நாப்பத்திரண்டு மணி நேரம்தான் மிஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கூட்டம். பாடகர் குழுவுல பெரியவங்க எங்க ஆறு பேரையும் வச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு அன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க” என்றான் கிளெமென்ட்.

சொன்னான் என்பதே அதிகம். இரண்டு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு, வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. வீட்டில் மனைவி நோரா, “எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டுங்க” என்று காகிதத்தை நீட்டிவிட்டாள். ஹெஸ்டர் மிஸ்ஸோ மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நீங்க போடற மார்க்கைப் பார்த்துட்டுத்தான் எங்க பேராலயத் தலைமைக் குரு டீன் கூட்டத்துக்கே வருவார். கொஞ்சம் பார்த்துப் போடுங்க, மிஸ்.”

“கெமிஸ்ட்ரியில உனக்கு எவ்வளவு போட்டேன்?”

“பதினொண்ணு.”

“நூத்துக்கு. அன்னைக்கும் பார்த்துத்தான் போட்டேன்.”

புதன்கிழமை நாலு மணிக்கு ஏதாவது ஓர் ஊர்ப் பேராலயத்திலிருந்து மாலை ஆராதனை வானொலியில் நேரடியாக வரும். அதைக் கேட்டு ஹெஸ்டர் மிஸ் பத்துக்கு மதிப்பெண் போடுவார். வெள்ளிக்கிழமை காலையில் திருச்சபை வாரப் பத்திரிகையில் அது வந்துவிடும். இதுவரை எந்தப் பாடகர் குழுவும் எட்டைத் தொட்டதில்லை. இன்று வெக்ஸ்மியர் பேராலயத்தின் முறை. கிளெமென்ட் பத்தொன்பது வருஷமாக அடிக்குரலான பாஸ் பாடும் குழு அது. அவன் குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். வேலை போனால் வீடும் போகும்.

“என்ன முணுமுணுக்கற? குனிஞ்சு மேஜைகிட்ட சொல்லாத. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்லு. வகுப்பிலேயும் உனக்கு இதே பழக்கம்.”

“ஒண்ணுமில்ல மிஸ். நோரா ஸ்கோன் கேக் செஞ்சு குடுத்தா. சாப்பிடுங்கன்னு சொன்னேன்.”

“லஞ்சமா? வை. மார்க் போட்டப்புறம் சாப்பிடறேன்.”

நாலு மணிக்கு ஹெஸ்டர் மிஸ் வானொலியைப் போட்டு, ஹெட்போனின் வயரைச் செருகி, இரண்டு காதையும் மூடிக்கொண்டார். பாட்டை அறையில் விட்டால் பாதியைச் சுவர் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. கிளெமென்டுக்கு எதுவும் கேட்கவில்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பதினஞ்சாம் தேதி சாயங்காலத்துக்குன்னு வச்ச சங்கீதம். எழுபத்திரண்டு வசனம்” என்றார் மிஸ், எழுதிக்கொண்டே. “முப்பதாவதுலேயே சின்னப் பசங்களுக்கு மூச்சு வாங்குது.”

கிளெமென்ட் கண்ணை மூடிக்கொண்டான். ஒத்திகையிலும் முப்பதாவது வசனத்தில்தான் வாங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, “மரியாளின் பாட்டு. மேல்குரல் டெனர்ல ஒருத்தன் இழுக்கறான். பாக்ஸ்டர்தானே?”

“அவனுக்கு மூணு குழந்தைங்க, மிஸ்.”

“குழந்தைங்களுக்கும் இழுக்கறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? பாஸ்ல ஒரு ஓட்டை இருக்கு. நீ நிக்கற இடம். இன்னைக்கு அங்க சுருதி கொஞ்சம் சுத்தமா இருக்கு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

“சிமியோனின் பாட்டு. முடிக்கும்போது எல்லாருமே அரைச் சுருதி இறங்கிட்டாங்க. ஆமென் சொல்லக்கூடத் தெம்பில்ல.” பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. “இனிமே என்ன பாடினாலும் மூணரைதான். அந்த அரை உன் ஸ்கோனுக்கு.”

மூன்றரை. கிளெமென்ட் வீட்டுச் சாமான்களை மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான். பியானோ எந்தப் புது வீட்டு வாசலில் நுழையும்?

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. நோரா அனுப்பியிருந்தாள்.

“சங்கீதம் பத்தாவது வசனத்திலேயே லைன் அறுந்துபோச்சு. மன்னிப்புக் கேட்டுட்டு ஏதோ ஆர்கன் ரெக்கார்டு போட்டுட்டாங்க. அப்புறம் உங்க ஆளுங்க வரவே இல்ல. மிஸ் ரொம்பக் கத்தறாங்களா?”

இரண்டு தடவை படித்தான். எழுந்து, ஜன்னலைச் சாத்துபவன்போல மிஸ்ஸின் பின்னால் போய்க் குனிந்தான். ஹெட்போனின் ஓரத்தில் மெல்லக் கசிந்தது ஆர்கன்தான். ஒரு மனிதக் குரல்கூட இல்லை.

“அடுத்து அந்த நீளப் பாட்டு” என்று மிஸ் எழுதினார். “இதுலேயும் பாக்ஸ்டர்.”

கிளெமென்ட் மனதுக்குள் ஒரு குதி குதித்தான். இது அச்சில் வரட்டும். நாடே சிரிக்கும். டீன் இந்த மூன்றரையைக் கசக்கி எறிவார். வீடு பிழைத்தது. அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதுதான் தொண்டையே கட்டியிருக்கிறதே.

ஐந்து மணிக்கு மிஸ் ஹெட்போனைக் கழற்றி, கம்ப்யூட்டரை இழுத்து, மளமளவென்று தட்டினார். “பத்திரிகைக்கு இப்பவே போயிடும். வருத்தப்படாதப்பா. என்கிட்ட வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது.”

அவர் விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. கிளெமென்டின் கை அவனைக் கேட்காமலே நீண்டு அந்த விரலைப் பிடித்தது.

“அனுப்பாதீங்க, மிஸ்.”

“என்னடா இது?”

அவன் நேராக அவர் முகத்தைப் பார்த்தான். “பத்தாவது வசனத்தோட எங்க பாட்டு நின்னுபோச்சு. அப்புறம் ரேடியோவுல ஓடினது வெறும் ஆர்கன்.”

மிஸ் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்ஸ்டர் இழுத்திருப்பான்” என்றார் கடைசியில்.

“சத்தியமா இழுத்திருப்பான், மிஸ்.”

எழுதிய அத்தனையையும் அவரே ஒவ்வொரு வரியாக அழித்தார். திரை வெள்ளையானதும் நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராக உட்கார்ந்தார்.

“ஈஸ்டர்லேருந்து எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, கிளெமென்ட்.”