இடப்பக்கம், உச்சியில்

விவாத மேடையில் ஐந்து இருபதுக்கு எதிர்த்தரப்பான நாத்திகர்களின் முறை வந்தது.

செம்பியன் மைக்கை உயர்த்திக்கொண்டார்.

"குர்ஆன்ல ஓர் இடத்துல, இறைவனோட ஒரு நாள் ஆயிரம் வருஷம்னு இருக்கு. இன்னோர் இடத்துல ஒரு நாள் ஐம்பதாயிரம் வருஷம். எது சரி?"

கல்யாண மண்டபத்தின் இடது பாதி கை தட்டியது.

மேடையின் மறுபக்கம் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் அசையவில்லை. பல மேடைகளில் பதில் சொல்லித் தேய்ந்த கேள்வி. பதிலின் கடைசியில் ஒரு கேலியும் உண்டு. பல்வலிக்காரனுக்கு ஒரு ராத்திரி எத்தனை வருஷம் என்று எதிராளியையே கேட்பார். கூட்டம் அங்கே சிரித்து விழும்.

"இது என் கேள்வி இல்ல" என்றார் செம்பியன். "உங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் போன் போட்டுக் கேட்டது. பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வசனத்து நம்பர் கேட்டா, அதெல்லாம் தெரியாதாம். பதினேழாவது ஜுஸ்வு, அதான் பாகம், இடப்பக்கம், உச்சியிலன்னாங்க. உச்சியைத் தேடியே எனக்கு ரெண்டு நாள் போச்சு. அது எத்தனை வருஷம்னு ஹஜ்ரத்தான் சொல்லணும்."

இப்போது வலது பாதியும் சிரித்தது.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை.

குர்ஆனை மனனம் செய்தவர்களுக்கு எண் தேவையில்லை. பக்கம் கண்ணில் நிற்கும். எந்தப் பக்கம், மேலா கீழா என்பது நிற்கும்.

ஊர் மதரஸாவில் எல்லோரும் ஓதியது பம்பாய் அச்சு. அவரும் அதில்தான் ஓதினார். அதில் அந்த வசனம் பக்கத்தின் நடுவில் வரும்.

மதீனா அச்சில்தான் இடப்பக்கத்து உச்சி.

ஊரில் மதீனா அச்சில் மனனம் செய்தவர் ஒருவர்தான். அந்தப் பிரதியை உம்ரா பயணத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் ஹஜ்ரத்தான். விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு எதிரில் உட்கார்ந்து, நான்கு வருடம் பாடம் கேட்டவரும் அவரே.

மண்டபத்தின் பின்னால் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள்.

அங்கேதான் மைமூன் இருந்தாள். அவர் மனைவி.

ரமலானுக்கு முன்பு ஒரு நாள், ஓதிக்கொண்டே வந்தவள் அந்த வசனத்தில் நின்றாள். இதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் பல்வலிக்காரனைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஓதியதை மூடி உறையில் போட்டாள். தோசை ஊற்ற எழுந்து போனாள்.

அதன் பிறகு அவள் பாடம் ஒப்பிக்க வரவில்லை. நோன்பு வேலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நடுவர் மணியைத் தட்டினார். மூன்று நிமிடம்.

ஹஜ்ரத் எழுந்தார்.

"ரெண்டும் ஒரே நாள் இல்லை" என்று தொடங்கினார். ஒன்று இறைவனிடத்து நாள். மற்றது வானவர்கள் ஏறிச் செல்லும் நாள், மறுமை நாள் என்பாரும் உண்டு. அறிஞர்கள் எழுதியதை வரிசையாகச் சொன்னார். குரல் சரியாகவே இருந்தது.

கேலி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் ஜமாஅத் செயலாளர் ஜக்கரியா பாய் இப்போதே பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார்.

திரை அசைந்தது. மின்விசிறியாக இருக்கலாம்.

அவர் தண்ணீர் குடித்தார்.

"இதெல்லாம் பின்னால வந்தவங்க சொன்ன விளக்கம். இப்னு அப்பாஸ் நபியோட தோழர். குர்ஆன் விளக்கத்துல அவருக்கு மேல ஆள் கிடையாது. அவர்கிட்டயே இதைக் கேட்டிருக்காங்க. அல்லாஹ் சொன்ன ரெண்டு நாள், அவனுக்குத்தான் தெரியும்னுட்டார்."

மண்டபம் காத்திருந்தது.

"எனக்கும் தெரியாது."

உட்கார்ந்துவிட்டார். நேரம் பாக்கி இருந்தது.

இடது பாதி எழுந்து நின்று கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். செம்பியன் மட்டும் தட்டவில்லை. அடுத்த கேள்விக்கு விரித்த புத்தகத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜக்கரியா பாய் வழிமறித்தார்.

"நடு மேடையில மானத்த வாங்கிப்புட்டீங்களே ஹஜ்ரத். நாளைக்கு யூடியூப்ல இந்த ஒரு துண்டத்தான் போடுவானுவோ."

"போடட்டும்."

"போன் போட்டவன் ஓதுன பயதான். நம்மூர்ல குர்ஆன மனனம் பண்ணுன ஹாஃபிள் பயலுவோ ஆறு பேரு. ஒவ்வொருத்தனாப் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிர்றேன். எவன்னு தெரிஞ்சா அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஜமாஅத்துலேருந்து ஒருத்தன் போகமாட்டான்."

"அவனுவோ இல்ல பாய்."

சொன்ன பிறகுதான் ஹஜ்ரத்துக்கு உறைத்தது.

ஜக்கரியா பாய் ஓரடி நெருங்கி வந்தார். "அப்ப யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

பெண்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். மைமூன் அவர் பின்னால் வந்து நின்றாள். அத்தர் மணத்தில் தெரிந்தது.

"தெரியாது" என்றார்.

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் பிசகவில்லை. ஜக்கரியா பாய் நம்பினார்.

இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார்.

தண்டவாளத்தில் எதுவும் வரவில்லை.

அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"மேடையில தெரியாதுன்னீங்களே மச்சான், அதுவும் வாசல்ல சொன்ன மாதிரிதானா?"