அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி

அந்தக் கடையில் டிவிக்கு வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் விற்பவனை எல்லோரும் டெசிபல் என்றுதான் கூப்பிடுவார்கள். "அறையைச் சொல்லுங்க, பாரைச் சொல்றேன்" என்பது அவன் தாரக மந்திரம். நீள அகலம் என்ன, சுவர் செங்கல்லா பலகையா, ஜன்னலுக்குத் திரை உண்டா என்று சம்பந்தி வீட்டார் விசாரிப்பதுபோல் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியையே காட்டுவான்.

மதியம் வந்த அந்தப் பெண்மணி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சின்னப் படுக்கையறை. கனமான திரை, எப்போதும் மூடியே இருக்கும். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை.

"அப்போ அதிர்ற பேஸ் சத்தம் கம்மியா இருக்கிற பார்தான் சரி மேடம். இல்லேன்னா சுவர் வழியா அடுத்த வீட்டுக்குக் கேட்கும்."

"கேட்கணும். அதுக்குத்தானே வாங்கறேன்," என்றாள் அவள்.

ஏதோ அக்கம்பக்கத்துத் தகராறு, நமக்கெதற்கு வம்பு என்று நினைத்துக்கொண்டு, டிவி எத்தனை அங்குலம் என்றான். டிவி கூடத்தில் இருக்கிறது, இது அதற்கில்லை, கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கவைக்கப் போகிறேன் என்றாள். மேலே போர்வை போர்த்தினால் சத்தம் அமுங்கிவிடுமா என்றும் கேட்டாள்.

பிறகு, சோதித்துப் பார்க்கக் கைப்பேசியிலிருந்து ஒரு பதிவை ஓடவிட்டாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. ஓர் ஆணின் குறட்டை. மரம் அறுப்பதுபோல் தொடங்கி, நடுவில் மூச்சே நின்று, கடைசியில் குக்கர் மாதிரி ஒரு விசில்.

முதல் பாரில் குறட்டை தகரமாக ஒலிக்கிறது என்று ஒதுக்கினாள். இரண்டாவதில் ஆள் கிணற்றுக்குள் தூங்குவது போலிருக்கிறதாம். மூன்றாவதைக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நிஜமாவே ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கணும் தம்பி. யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது. விடியற வரைக்கும் நிக்காம ஓடணும்."

இது யாருடைய குறட்டை என்று மெல்லக் கேட்டான். வீட்டுக்காரருடையது என்றாள். அப்படியானால் அவரையும் ஒருமுறை அழைத்து வரலாமே என்றான்.

"அவர் எதுக்கு? அவருக்கு இது கேட்கவே போறதில்ல."

டெசிபல் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். மூடிய திரை, போர்த்திய போர்வை, உள்ளே ஆளுக்குப் பதில் வெறும் குறட்டை. பாவம், அந்த மனிதர் எந்த மண்ணுக்கடியில் கிடக்கிறாரோ. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தன் கையால் விற்கும் பார் ஒரு கொலையை மூடி மறைக்கப் போவதை அவனால் தாங்க முடியவில்லை. ஒயர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் ஓடி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான்.

இன்ஸ்பெக்டர் சிவந்த கண்களோடு வந்தார். அவளைப் பார்த்ததும் திகைத்து நின்றார்.

"நீங்களாம்மா?"

அவர்தான் அந்த அடுத்த வீட்டுக்காரர். டெசிபல் அவரைத் தனியே இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் சிரித்துவிட்டார். ராத்திரியில் வீடு புகுந்து திருடும் வழக்குகளுக்காக நாயாய் அலைந்துவிட்டு வந்து படுத்தால் இந்தக் குறட்டைதான் தனக்குத் தாலாட்டு என்றும், நேற்றும் விடிய விடிய அறுத்த மனிதரைப் போய் செத்துவிட்டார் என்கிறாயே என்றும் அவனைக் கடிந்துகொண்டார்.

ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. அவளை விட்டே வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் "யாரு?" என்றது ஆண் குரல்.

"ராத்திரியும் தூக்கம், பகல்லயும் தூக்கம். கொடுத்துவெச்ச மனுஷன்," என்று பெருமூச்சு விட்டார் இன்ஸ்பெக்டர். கொஞ்ச நாளாகக் குறட்டை கரகரவென்று வருகிறதே, தொண்டையில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்தார்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காரணத்தைச் சொன்னாள். தான் குறட்டை விடுவதையே வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வதில்லையாம். தூங்குகிறவருக்குத் தன் குறட்டை எப்படிக் கேட்கும்? கைப்பேசியில் போட்டுக் காட்டினால், அது வேறு யாரோ என்கிறாராம்.

"அசல் மாதிரியே போட்டு எழுப்பிக் காட்டினாத்தான் வழிக்கு வருவார் சார். அந்தப் பக்கம் நீங்களும் கேட்டாத்தானே சாட்சி சொல்ல முடியும்?"

"எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னதோடு நிற்கவில்லை. கடையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க் காதை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாராகப் போடச் சொன்னார். மூன்றாவதில் விசில் கொஞ்சம் இழுக்கிறது, நான்காவதுதான் அச்சு அசல் என்று தீர்ப்புச் சொன்னார். டெசிபல் அவளிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டுப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தான். இன்ஸ்பெக்டரே அதைத் தன் ஜீப்பில் ஏற்றி, அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அன்று இருட்டியதும், பகலெல்லாம் தூங்கி எழுந்த கணவன், இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குறட்டையைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, கள்ளச்சாவிக் கொத்தோடு வேலைக்குக் கிளம்பினான்.