பேசலாம், பாடக் கூடாது

“நூத்தி நாலுதான் காட்டுது. கால எட்டிப் போடு, நடாலி!”

கைப்பேசியைப் பார்த்தபடியே அண்ணி ஸ்டெல்லா விரட்டினாள். நடாலியின் கைக்கடிகாரம் எண்ணும் இதயத்துடிப்பு அண்ணியின் கைப்பேசியிலும் தெரியும்படி இணைத்திருந்தார்கள். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் பூங்கா ஏற்றத்தில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே வியர்த்து வழிந்தது.

நடாலி நடையைக் கூட்டினாள். எண் நூற்றுப் பதினைந்துக்கு ஏறியது.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் போட்டுக்கொடுத்த கணக்கு அது. இருநூற்று இருபதில் வயதைக் கழித்து, மிச்சத்தில் அறுபதிலிருந்து எழுபது சதவீதம். முப்பத்தாறு வயது நடாலிக்கு நூற்றுப் பத்துக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவே வந்தது. எடை குறைய அந்த வேகம் போதும், நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்றார். வேகம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு சோதனை சொன்னார்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

“பேச முடியுதா?”

“முடியுது அண்ணி.”

“பாட்டு?”

“வராது லா.”

“அப்ப சரி. இப்படியே போ.”

பேச முடிந்தது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் ஆம்ப்ரோஸுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்தான். நடாலியின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. எடை கூடுதலாக இருக்கிறது, எட்டுக் கிலோ குறைத்துவிட்டால் ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் ஃபாதர் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பூசை முடிந்ததும் பேர்கூடத் தெரியாதவர்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது?

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பயம், அவ்வளவுதான். கண்ணை மூடினால் தன்னைப் படுக்கவைத்து ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவன் வேய்னிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

சின்னச் சின்னத் திருட்டுத்தனங்கள் செய்து பார்த்தாள். அண்ணி முன்னால் போகும்போது நடையைத் தளர்த்தினாள். வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் இறங்கி, தனியாக நெய்த்தோசை தின்றாள். ஆனால் எண் இறங்கிய மறுநொடியே அண்ணி திரும்பி முறைப்பாள். மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஆபீசில் தோழிகள் பொறாமையோடு ரகசியம் கேட்டார்கள். நடாலிக்கோ, உடுப்பு தளரத் தளரக் கழுத்தில் சுருக்கு இறுகுவதுபோல் இருந்தது.

ஒருநாள் பாதி ஏற்றத்தில் அவள் நின்றுவிட்டாள். “இன்னிக்கு முடியல அண்ணி.”

“நீயே இப்படிச் சொன்னா எப்படி? உங்க அண்ணனுக்கு வேற யாரு இருக்கா?” அண்ணியின் குரல் உடைந்தது. “என்னால முடிஞ்சிருந்தா உன்னை இந்தப் பாடு படுத்துவேனா?”

அது உண்மைதான். போன வருஷம் முதலில் முன்வந்தவளே ஸ்டெல்லாதான். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு அவளுடையது ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்து அவள் அழுத அழுகையில், நோயாளி ஆம்ப்ரோஸ்தான் அவளைத் தேற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தான். அதை நினைத்தபோது நடாலிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மறுபடி நடந்தாள்.

எட்டுக் கிலோவும் குறைந்தது.

கடைசிச் சந்திப்பில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். தமிழ் நர்ஸ் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, அவள் விரலில் நாடிக் கருவியை மாட்டினாள்.

“எடை ஓகே. நீங்களா விரும்பித்தானே குடுக்கிறீங்க?”

“ஆமா.”

நர்ஸ் திரையைப் பார்த்தாள். “சும்மா உக்காந்திருக்கீங்க. ஓடுற மாதிரி நூத்தி முப்பத்தஞ்சு காட்டுது.”

நடாலியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். வேணாம். ஆனா வெளியில எங்க அண்ணி நிக்கிறாங்க. நான் என்னன்னு சொல்வேன்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இது உங்க உடம்பு. மெடிக்கலா சரிவரலன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம். அதுக்கு மேல யாரு கேட்டாலும் சொல்ல மாட்டோம்.”

நடாலி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டெல்லா ஓடிவந்தாள்.

“தேதி குடுத்துட்டாங்களா?”

நடாலி தரையைப் பார்த்தாள். “இல்ல அண்ணி. என்னமோ மெடிக்கலா சரிவரலையாம். என்னால குடுக்க முடியாதாம்.”

அண்ணி கத்துவாள், டாக்டரைத் தேடி உள்ளே போவாள் என்று எதிர்பார்த்தாள். ஸ்டெல்லா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடாலியின் சிவந்த கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, தன் கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“அழாத. அண்ணன் பேரு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“அண்ணி, நான் வந்து...”

ஸ்டெல்லா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, காதோரம் குனிந்தாள்.

“போன வருஷம் நானும் அவங்கள இதையேதான் சொல்லச் சொன்னேன்.”