முதல் பரிந்துரை

டை கட்டியவர் ராகேலின் அடிவயிற்றில், வலது பக்கமாக விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ராகேல், எடுத்தபோதுதான் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, "யேசப்பா" என்றாள்.

அவள் கணவர் ரசலையனுக்கு உயிர் வந்தது. புதுக்கடை சந்தையில் ஏத்தன் வாழைக்குலை விற்கிறவர், வந்திறங்கிய குலைகளை அப்படியே போட்டுவிட்டு, மனைவியை இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். குடல்வால் வீங்கி நிற்கிறது, இன்றைக்கே வயிற்றைக் கீறி எடுக்காவிட்டால் உள்ளே வெடித்துவிடும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"டாக்டர் சாரே, எப்பம் கீறுவிய?"

"நான் டாக்டரா வரல" என்றார் டை கட்டியவர், கையைத் துடைத்துக்கொண்டே. "அரசு ஆஸ்பத்திரிகளை எப்படி மேம்படுத்தலாம்னு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற கம்பெனியில இருந்து வர்றேன்."

"பின்ன வயித்த அமுக்கினது?"

"'வலியின் அளவு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பணும்ல." டேப்லெட்டில் எதையோ தொட்டார்.

ரசலையன் சிஸ்டர் ஜாஸ்பினைப் பார்த்தார். ஜாஸ்பின் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள்.

"சர்ஜன் போஸ்ட்டுல ஆளு இல்ல, அண்ணாச்சி. நாகர்கோயில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். இருக்க ஒத்த ஆம்புலன்சு பிரசவக் கேசைக் கொண்டுட்டு அங்கதான் போயிருக்கு. வந்த உடனே ஏத்திவிடுதேன்."

"எப்பம் வரும்?"

"வரும்."

"நான் ஒரு கார் பிடிச்சுக் கொண்டு போனா?"

"வழியில வெடிச்சா கார்க்காரன் என்ன செய்வான்?"

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ஐயா, சின்னக் கேள்விகள்தான். தரையில கலர் கோடு போட்டிருக்கோம். வழி கண்டுபிடிக்க உதவியா இருந்ததா?"

இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு நீலக்கோடு என்று வாசலிலேயே எழுதியிருந்தது. ராகேலைத் தாங்கிக்கொண்டு நீலக்கோட்டின் மேலேயே நடந்துபோன ரசலையன், அது முடிந்த இடத்தில் ஒரு பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"நல்ல கோடு" என்றார். "நேரா பூட்டுக்குப் போவுது."

"அஞ்சுக்கு எத்தனை மார்க்?"

"மூணு போடுங்க."

"டாக்டர் இல்லைங்கிற தகவலை ஊழியர் சிரிச்ச முகத்தோட சொன்னாங்களா?"

ஜாஸ்பின் அவசரமாகச் சிரித்தாள். ஒப்பந்த வேலையில் இருக்கிற பிள்ளை, பாவம் என்று ரசலையன் அதற்கு நாலு கொடுத்தார்.

"இந்த ஆஸ்பத்திரியை எதனால தேர்ந்தெடுத்தீங்க?"

"எனக்க பக்கத்து வீட்டு தாணுவுக்கு குடலிறக்கத்துக்கு இஞ்சதான் கீறினது. சுதன்னு ஒரு டாக்டராக்கும். என்னா கைங்கிய. தையல் போட்ட இடத்த தேடித்தான் பாக்கணும்."

டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. "இப்ப நல்லா இருக்காரா அவர்?"

"தாணுவா? அவனுக்கென்ன, எருமை கணக்கா நடக்கான். எனக்கு அந்த டாக்டராக்கும் வேணும். அவரு எங்க போனாரு, சிஸ்டரே?"

"கூடின சம்பளத்துல வேற வேலை கெடச்சுது. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயாச்சு."

"துபாய்க்கா?"

"அவ்வளவு தூரம் ஒண்ணும் போவல்ல."

ராகேல் முனகுவதை நிறுத்தியிருந்தாள். ரசலையன் பதறிக் குனிந்து, "ஏட்டி, என்ன செய்யுது?" என்றார்.

"வேதனை கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

ரசலையன் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆலோசகர் மட்டும் விருட்டென்று நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைச் சரிசெய்துகொண்டு மூடிக்கொண்டார்.

"சந்தோசப்படாண்டாம், அண்ணாச்சி" என்றாள் ஜாஸ்பின் தாழ்ந்த குரலில். "உள்ள வெடிச்சாலும் கொஞ்ச நேரத்துக்கு வேதனை கொறையும்."

ரசலையன் நிமிர்ந்தார். அந்த அறையில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால், டை கட்டியவரிடமே திரும்பினார்.

"சாரே, நீங்களாவது எழுதுங்க. இஞ்ச ஒரு சர்ஜனைப் போடணும்னு."

"அதுதான் எங்களோட முதல் பரிந்துரை. நல்ல சர்ஜன்கள் ஏன் அரசு வேலையை விட்டுப் போறாங்கன்னு நான் தனியா ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்."

"அத்தியாயம் வரும்போ வரட்டும். இவளுக்கு இண்ணைக்கு கீறணும்." ரசலையன் தரையில் உட்கார்ந்து ஆலோசகரின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார். "மேல உள்ளவிய எல்லாம் உங்களுக்குப் பழக்கம் இருக்கும். அந்த சுதன் டாக்டர் எங்க இருக்காருண்ணு விசாரிங்க. ஒரே ஒரு தடவை வந்து இவளைக் கீறித் தந்துட்டுப் போவச் சொல்லுங்க. அது போரும் எனக்கு."

ஆலோசகர் கால்களை இழுக்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. "கடைசிக் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் டேப்லெட்டிடம்.

ஜாஸ்பின் குனிந்து ரசலையனின் தோளைத் தொட்டாள்.

"விசாரிக்காண்டாம், அண்ணாச்சி. நீங்க பிடிச்சிருக்கது சுதன் டாக்டருக்க காலாக்கும்."