ஏழாவது கேள்வி

"அம்மா, அவர் வரும்போது நான் சிரிக்கலாமா?"

எப்போதோ ஒரு குழந்தை கேட்ட கேள்வி. அதைத்தான் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வீட்டைச் சரிபார்க்க வந்த பெண். மடியில் படிவம், கையில் பேனா.

"சிரிச்சா, வீட்டைச் சரிபார்க்க வர்றவர் வசதியா இருக்காங்கன்னு எழுதிடுவாரோன்னு பயம் சார் அதுக்கு. எட்டு வயசு. அதான் சொல்றேன், இந்தச் சோதனையே வேணாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்துடட்டும்."

பெரியவர் அறையிலிருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதே அலுவலகத்துக்காக முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தவர். இன்று அவரே விண்ணப்பதாரர்.

"எல்லாருக்குமா? கார் வச்சிருக்கிறவனுக்குமா? இருக்கிறது ஒரே பானை. ஆளாளுக்குக் கையை விட்டா, இல்லாதவன் வர்றப்ப அடியை வழிக்கணும்மா."

"கார்க்காரன்கிட்ட வரியில திரும்ப வாங்கிக்கலாம் சார். அந்தக் குழந்தை அடக்கிக்கிட்ட சிரிப்பை யாரு திருப்பிக் குடுப்பா?"

"நல்லாத்தான் பேசறே. அடுத்த வாரம் நகரமன்றத்துல இதுக்குத்தான் ஓட்டெடுப்பு. உன் கட்சி ஜெயிச்சா முதல்ல உன் வேலைதான் போகும், தெரியுமில்ல?"

"போகட்டும். எல்லாருக்கும்னா அதுல நானும் உண்டே."

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"முப்பது வருஷம் உழைச்சிருக்கீங்க. பென்ஷன் கிடையாதா சார்?"

"முப்பது வருஷமும் தற்காலிகம்தாம்மா." அவர் வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதைக் கேளு. நீ வந்ததாலதான் இன்னிக்கு நான் ஒரு மனுஷரோட பேசறேன். பணம் தானா வந்து விழுந்தா, இருக்கேனா செத்தேனான்னு யாரு எட்டிப் பார்ப்பா?"

"எட்டிப் பார்க்கறது வேற, நோண்டிப் பார்க்கறது வேற சார்."

அவள் படிவத்துக்குத் திரும்பினாள். ஆறு கேள்விகள் முடிந்திருந்தன. வாடகை மூன்று மாதம் பாக்கி. இந்த உதவித்தொகை வராவிட்டால், மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யவேண்டும்.

ஏழாவது கேள்வி: ஃபிரிட்ஜ் உண்டா? ஓடுகிறதா? ஓடுகிற ஃபிரிட்ஜ் இருந்தால் விண்ணப்பம் அத்தோடு தள்ளுபடி. அவர் வேலை பார்த்த காலத்திலிருந்தே மாறாத விதி.

மூலையில் துருப்பிடித்த ஒரு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"சிரிக்கலாமான்னு கேட்ட அந்தப் பொண்ணு வீட்லயும் ஃபிரிட்ஜ் இருந்துச்சு சார்," என்றாள் அவள். "அவங்க அம்மா ஒரு போர்வையைப் போட்டு மூடி வச்சாங்க. வந்தவர் வேர்த்து விறுவிறுத்துப்போய் தண்ணி கேட்டார். அந்தப் பொண்ணுதான் ஓடிப்போய் டம்ளர்ல கொண்டாந்து குடுத்தா. ஒரு வாய் குடிச்சவர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைச் சுளிச்சார். கோபக்காரர்னு நினைச்சு அவ அம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. போர்வையை அவர் தூக்கிக்கூடப் பார்க்கல. எழுதினார், போயிட்டார்."

பெரியவர் சுவரைப் பார்த்தார். "விதிப்படி எழுதியிருப்பார்."

"உங்களுக்கு ஆபீஸ்ல கத்தரின்னு பேராமே சார்?"

"முதுகுக்குப் பின்னாடி சொல்வானுங்க. எத்தனையோ பேர் விண்ணப்பத்தை வெட்டியிருக்கேன், இல்லேங்கலை. ஆனா ஒரு பொய் எழுதினதில்ல."

அவள் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாலில்லை, காயில்லை. கதவுத் தட்டில் பாதி தீர்ந்த ஒரு இன்சுலின் குப்பி மட்டும் நின்றது.

"யாருக்கு சார்?"

"வீட்டுக்காரிக்கு. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா."

அவள் ஃபிரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினாள். பிறகு தணிந்த குரலில், "அப்ப சுவிட்சை அணைச்சுடுங்க சார். ஓடலேன்னு எழுதிக்கிறேன்," என்றாள்.

"மருந்து கெட்டுப் போயிடுமேம்மா."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலின் மறுபாதியில் ஒரு தலையணை அப்படியே இருந்தது.

"அணைக்க மாட்டேன். நீ ஓடுதுன்னே எழுது. வாடகைக்குக் கடவுள் ஒரு வழி விடுவார்."

அவள் எழுதிப் படிவத்தை நீட்டினாள். பெரியவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வழக்கப்படி முதலிலிருந்து படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

ஃபிரிட்ஜ்: உண்டு. ஓடவில்லை.

"என்னம்மா இது? அது உறுமுறது உன் காதுல விழலையா?" "மாத்தி எழுது. எனக்காக நீ பொய் எழுத வேணாம். இந்த வேலையில நான் ஒரு பொய்கூட எழுதினதில்ல."

அவள் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அறையில் அவர்கள் இருவரும் அந்த ஃபிரிட்ஜின் உறுமலும்தான். பேனாவை அவருடைய கையில் வைத்து விரல்களை மெதுவாக மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு எழுதியிருக்கீங்க சார், இதே ஏழாவது கேள்விக்கு, எங்களுக்குப் பணம் கிடைக்கணும்னு. அன்னிக்கு எங்க வீட்ல நீங்க பல் கூசக் குடிச்சது ஃபிரிட்ஜ் தண்ணி."