குளத்தைக் கலக்கியவர்

இது விடுதியில் என் அறைத்தோழி செண்பகம் சொன்ன கதை. அவள் யாரிடம் கேட்டாளோ, தெரியாது.

குளத்துக்குள் இறங்கி நின்றபடி எருமை கெண்டைமீனிடம் குமுறியது. "தினமும் இதே டிரபிள். எவனோ தண்ணியக் கலக்கிடுறான். என் கன்னு ரெண்டு நாளா வாய் வைக்கல, சுருண்டு கிடக்கு."

"கரையேறிச் சும்மா நில்லுங்கக்கா. ஆளைக் காட்டுறேன்" என்றது கெண்டை.

எருமை கரையேறிக் காத்திருந்தது. சேறு அடங்கித் தண்ணீர் தெளிந்தது. அடித்தரையில் குளம்புத் தடங்கள் மட்டும் இருந்தன. எருமை குனிந்து தன் கால்களைப் பார்த்தது. பக்கத்தில் கன்று மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

பின்னர் அகராதியில் தேடினேன். டிரபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், கலங்கலைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்.