வைஃபை கோளாறு

“மறுபடியும் வைஃபை வேலை செய்யலையா? அப்பா தவறின ரெண்டு மாசத்துல இது ஆறாவது தடவைம்மா!” செருப்பைக் கழற்றியபடியே மகன் அலுத்துக்கொண்டான். “பக்கத்து வீட்டுக்காரன்தான் பாஸ்வேர்டை மாத்துறான் போல. இனிமே போன்லயே சொல்றேன், நீயே சரிபண்ணிக்கோ. என்னால வாராவாரம் அலைய முடியாது.”

“என்னை மாதிரி கைநாட்டுகிட்ட வந்து சொல்றியே! முதல்ல சாப்பிடு.”

புது பாஸ்வேர்டு போட அம்மாவின் போனை எடுத்தான். போன வாரம் அவன் சொல்லிக்கொடுத்த ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கம் அதில் திறந்தே இருந்தது.

‘இந்த போனிலிருந்து பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. இன்று காலை 7.10.’

அம்மா அவனை அழைத்தது ஏழேகாலுக்கு.

நிமிர்ந்தான். அவள் இரண்டு தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, பெரிய கோளாறா?”

போனைக் கவிழ்த்து வைத்தான்.

“ஆமாம்மா. போன்ல சொன்னா தீராது. வாராவாரம் நானே வந்து பாக்கணும்.”